இரண்டு ஆள் மூச்சு

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் அண்ணி கொஞ்சம் யோசித்துவிட்டு, மற்றவர்கள் விட்ட மூச்சைப் பார்த்துக்கொள்கிறேன் என்பாள். கேட்டவர் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். பதினொரு வருடமாக இந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்குப் பழகிவிட்டது.

அந்த ஊருக்குக் கூரை உண்டு, வானம் கிடையாது. வெளியே இருக்கிற காற்று மூச்சுக்கு உதவாது. ஆகவே தெரு, வீடு, பள்ளிக்கூடம், ரொட்டிக் கடை, மருத்துவமனை எல்லாமே ஒரே கூரைக்குக் கீழே, வரிசை வரிசையாக, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கனத்த இரும்புக் கதவோடு இருந்தன. மனிதர்கள் இழுக்கிற நல்ல காற்றைத் தயாரித்து அனுப்புகிறவர்கள் உள்காற்றுப் பிரிவு. அவர்களுக்கு வெள்ளைச் சட்டை, இரண்டாவது மாடியில் வெளிச்சமான அறை, சாய்ந்து உட்கார நாற்காலி. இழுத்து முடித்து வெளியே விட்ட மூச்சைக் குழாயில் உறிஞ்சிச் சுத்தம் செய்கிறவர்கள் வெளிமூச்சுப் பிரிவு. இவர்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை, படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை, ஒரு கால் ஆடுகிற ஸ்டூல். எச்சில் தட்டு கழுவுகிறவர்களைப் பார்க்கிற மாதிரிதான் ஊர் இவர்களைப் பார்த்தது. இரண்டு பிரிவுக்காரர்களும் சாப்பிடக்கூட ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள்.

அவளை ஊரே அண்ணி என்றுதான் கூப்பிட்டது. ஆரம்பித்து வைத்தது அவளுடைய நாத்தனார். ரொட்டிக் கடையில் நின்றுகொண்டு நாத்தனார் "அண்ணீ" என்று போடுகிற சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். அப்புறம் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

அண்ணியின் அறைச் சுவர் முழுக்க முள் வைத்த வட்டங்கள், மொத்தம் அறுபது. ஊரில் உள்ள ஒவ்வொரு பெரிய அறைக்கும் ஒன்று. அந்த அறையில் நிமிடத்துக்கு எவ்வளவு மூச்சு வெளியே வருகிறது என்பதை முள் ஆள் கணக்கில் காட்டும். ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்று. தூங்கினால் ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே. எழுந்து நடந்தால் அதே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். ஓடினால் ஏழு, எட்டு என்று போகும். உடம்பு எவ்வளவு பாடுபடுகிறதோ அவ்வளவையும் அது மூச்சில் வெளியே கொட்டுகிறது. இதெல்லாம் பயிற்சிப் புத்தகத்தில் இருந்தது. புத்தகத்தில் இல்லாதவற்றை அண்ணி தானே கற்றுக்கொண்டாள். பரீட்சை நடக்கிற வகுப்பில் பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் முள் ஏறும். திரையரங்கின் முள் சில வேளைகளில் சட்டென்று தணிந்து, உடனே துள்ளி ஏறும். எல்லோரும் ஒன்றாக மூச்சைப் பிடித்து ஒன்றாக விட்டிருக்கிறார்கள், கதாநாயகன் பிழைத்துக்கொண்டான் என்று படம் பார்க்காமலேயே அவளுக்குத் தெரியும். எந்த வீட்டில் சண்டை என்பதும் தெரியும். அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

இவ்வளவு தெரிந்தவளுக்கு உள்காற்றுக்காரர்கள் வைத்த பெயர் மாவம்மா. அதற்கு ஒரு கதை இருக்கிறது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், விடியற்காலை. ரொட்டிக் கடை பூட்டிக் கிடந்தது. உள்ளே யாரும் இல்லை என்றது வாசல் பதிவேடு. ஆனால் கடையின் மாவறை முள் இரண்டில் நின்றது. பூட்டிய அறைக்குள் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று பதறிப்போய் அபாய மணியை அடித்துவிட்டாள். காவலர்கள் ஓடி வந்தார்கள், மருத்துவர் ஓடி வந்தார், வெள்ளைச் சட்டைகளும் ஓடி வந்தார்கள். கதவைத் திறந்தால் இரண்டு பெரிய தொட்டிகளில் ரொட்டி மாவு பொங்கி, தொட்டி விளிம்பைத் தாண்டி உட்கார்ந்திருந்தது. புளிக்கிற மாவும் மூச்சு விடும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தராத பாடம். உள்காற்றுப் பிரிவின் தலைவர் ஒரு தொட்டியின் பக்கம் குனிந்து, "உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று மாவிடம் விசாரித்தார். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் மேற்பார்வையாளர் அந்த வட்டத்தில் இரண்டுக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் 'மாவு' என்று எழுதச் சொன்னார். அண்ணிதான் தன் கையால் எழுதினாள்.

அன்றைக்குச் சிரிக்காதவள் ஒருத்திதான், கடையை நடத்துகிற பெண். கூனிக் குறுகி நின்ற புதுப் பெண்ணிடம் வந்து, என் மாவுக்கே இந்த அக்கறையா, அப்போது மனிதர்களுக்கு எவ்வளவு இருக்கும் என்று சொல்லி, அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி ஒன்றைக் கையில் கொடுத்தாள். ரொட்டியோடு விட்டாளா? ஆறே மாதத்தில் தன் அண்ணனையும் அவள் தலையில் கட்டிவைத்துவிட்டாள். அந்த அண்ணனுக்குக் கூரை எல்லைக்கு அப்பால், தண்ணீர் இறைக்கிற நிலையத்தில் வேலை. மாதத்துக்கு ஒரு முறை வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவார். ஆகவே அண்ணி குடும்பம் நடத்தியது என்னவோ நாத்தனாரோடுதான். விளக்கை அணைப்பதில் சண்டை, ஈரத் துண்டைப் போடுகிற இடத்தில் சண்டை, வானொலிச் சத்தத்தில் சண்டை. அண்ணிக்குக் காய்ச்சல் வந்தால் கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருகிறவளும் அவள்தான், பிறகு ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லிக் காட்டுகிறவளும் அவள்தான்.

இனி அந்த நாளுக்கு வருவோம்.

காலை பத்து மணிக்கு ரொட்டிக் கடை வரிசையில் மணி அடித்தது. அடுப்பறையில் மின்கம்பி தீப்பிடித்துவிட்டது. கொழுந்துவிட்டு எரியவில்லை, புகைதான் அதிகம். ஆனால் கூரை போட்ட ஊரில் புகை வெளியே போக வழியில்லை. இதற்கென்று விதி இருக்கிறது. ஆட்களை வெளியேற்ற வேண்டும், எண்ண வேண்டும், கதவுகளை மூட வேண்டும், நல்ல காற்றை நிறுத்த வேண்டும். வெளிமூச்சுப் பிரிவு முள்ளைப் பார்த்து உள்ளே ஆள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகு, சரியாகப் பத்தரைக்கு, உள்காற்றுப் பிரிவு அந்த வரிசை முழுக்க அணைகாற்றைத் திறந்துவிடும். அணைகாற்று தீயின் மூச்சை நிறுத்திவிடும். உள்ளே மனிதர் இருந்தால் அவர் மூச்சையும் நிறுத்திவிடும். கையெழுத்து அதற்காகத்தான்.

வாசல் காவலர் தொலைபேசியில் கணக்குச் சொன்னார். வேலைக்கு வந்தவர்கள் ஒன்பது பேர், வெளியே வந்தவர்களும் ஒன்பது பேர். உங்கள் நாத்தனார்தான் எல்லோரையும் திட்டித் திட்டி வெளியே தள்ளினார்கள் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் விட்ட பெருமூச்சில் அவள் அறையின் முள்ளே ஒரு மயிரிழை ஏறி இறங்கியது.

பிறகு கடையின் முட்களைப் பார்த்தாள். மாவறையின் முள் இரண்டில் நின்றது, சிவப்புக் கோட்டின் மேலேயே. தொட்டியில் மாவு இருக்கிறதா என்று காவலரிடம் கேட்டாள். அவர் கடை ஆட்களிடம் கேட்டு, ஒன்பதரைக்கே பிசைந்து போட்டாகிவிட்டது, இரண்டு தொட்டியும் நிறைந்திருக்கிறது என்றார். அப்புறம் என்ன? மாவு - 2, ஆள் இல்லை என்று எழுதி, பத்து மணி எட்டு நிமிடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். மேற்பார்வையாளரும் போட்டார். காகிதம் மாடிக்குப் போயிற்று.

பத்து நிமிடம் அவள் மற்ற வரிசைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வரிசை குழந்தைகள் காப்பகம். அங்கே புகை ஏறிவிடக் கூடாதே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அங்கே எல்லாம் சரியாக இருந்தது. தற்செயலாகக் கண் மாவறை முள்ளின் பக்கம் திரும்பியபோது அது ஒன்றில் நின்றது.

கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். முள் அசைந்தது. தட்டியதால் அசையவில்லை, தானாக ஏறியது. ஒன்றரை, இரண்டு, இரண்டைக் கொஞ்சம் தாண்டியது. ஒரு நிமிடம் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கி மறுபடி ஒன்றுக்கு வந்தது. அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த வட்டத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். முள் திரும்ப ஏறியது. திரும்ப இறங்கியது.

பதினொரு வருடமாக அவள் மாவின் மூச்சைப் பார்க்கிறாள். கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதை யார் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? மாவின் முள்ளும் அப்படித்தான், ஏறுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது. இந்த முள்ளோ கொஞ்ச நேரம் பாடுபட்டுவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுபடி எழுந்து பாடுபடுகிறது. மாவு எதற்காகக் களைப்பாறப் போகிறது?

நாத்தனார் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாளா என்று வீட்டு எண்ணைச் சுழற்றினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாசல் காவலரைக் கூப்பிட்டு, என் நாத்தனாரைக் கொஞ்சம் பேசச் சொல்லுங்கள் என்றாள். இப்போதுதான் இங்கே நின்றுகொண்டிருந்தார்கள் என்றார் காவலர். இருங்கள், பார்க்கிறேன் என்று போனார். திரும்பி வந்து, காணவில்லை, வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்றார். கடைக்குள் பேசலாமென்றால் அந்தக் கம்பியும் எரிந்துபோயிருந்தது.

மேற்பார்வையாளர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திரும்ப வாங்குவதென்றால் அவருக்குக் குலை நடுங்கும். குழாயில் புகை புகுந்திருக்கும், அதனால் முள் ஆடுகிறது என்றார். பிறகு, "மறுபடியும் மாவைக் காப்பாத்தப் போறோமா?" என்று கேட்டார். குத்திக்காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. ஆனாலும் அண்ணிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கணத்தில் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இது மாவாகவே இருந்தால்? தீயை அணைப்பதைத் தள்ளிப்போட்டு, புகை சுவரைத் தாண்டிக் காப்பகத்துக்குப் போய்விட்டால்? இன்னொரு பதினொரு வருடச் சிரிப்பை இந்த உடம்பு தாங்குமா? இப்படியெல்லாம் நினைத்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் நாலைந்து நொடி இருக்கும். அந்த நாலைந்து நொடிக்காக அவள் பின்னால் எத்தனையோ நாள் வெட்கப்பட்டாள்.

அப்புறம்தான் அவளுக்கு அது உறைத்தது. மாவு மூச்சு விடும், ஆனால் மூச்சு இழுக்காது. தொட்டிக்குள் புளிக்கிற மாவுக்கு நல்ல காற்று வேண்டியதில்லை. மனிதருக்கு அந்தச் சலுகை கிடையாது. இழுத்த கணக்குக்குத்தான் விட முடியும். அந்த அறையில் நல்ல காற்றும் இதே கணக்கில் செலவாகிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பது ஆள். காற்று அனுப்புவதை நிறுத்திய பிறகும், அறையில் மிச்சமிருப்பது குறைவதைக் காட்டுகிற முள் மாடியில், வெள்ளைச் சட்டைகளின் அறையில் இருக்கிறது.

"நான் மேல போய் ஃபோன் பண்றேன் சார். நீங்க இந்த முள்ளை மட்டும் பாத்துச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அவள் முகத்தில் மேற்பார்வையாளர் என்ன பார்த்தாரோ, பேசாமல் வந்து ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மாடி ஏறி அவள் உள்காற்று அறைக்குள் நுழைந்தபோது மணி பத்து இருபத்திநான்கு. எதிரே உட்கார்ந்திருந்தவர் அதே தலைவர், மாவிடம் நலம் விசாரித்த மகானுபாவர். அன்றிலிருந்து அண்ணி அவரிடம் ஒரு வார்த்தை நேரில் பேசியதில்லை, எல்லாம் காகிதத்தில்தான். மேசை மேல் அவள் எழுதிக் கொடுத்த காகிதம் இருந்தது. அணைகாற்றைத் திறக்கிற சக்கரம் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

நிறுத்துங்கள், உள்ளே ஆள் இருக்கிறது என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். அவர் காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

"கையெழுத்து நீங்கதானே போட்டிருக்கீங்க?"

"நான்தான் போட்டேன். தப்பாப் போட்டுட்டேன். என் மூஞ்சியைப் பாக்காதீங்க, உங்க முள்ளைப் பாருங்க. மாவறையில காத்து செலவாகுதா?"

சும்மா சொல்லக் கூடாது, அந்த மனிதர் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தார். செலவாகிறது, ஆனால் தீ தின்கிறது என்று நினைத்தேன் என்றார். தீ அடுப்பறையில்தான் இருக்கிறது, மாவறைக்குக் குழாயே வேறு என்றாள் அண்ணி. அவருக்கும் அது தெரியும். மாவு பொங்குகிற நேரத்தில் அந்த முள் அசையவே அசையாது என்பதும் இத்தனை வருடமாகத் தெரியும். அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் யாரிடமும் சொன்னதில்லை. பேச்சுவார்த்தை இருந்தால்தானே சொல்வதற்கு.

அண்ணி தொலைபேசியை எடுத்துக் கீழே கூப்பிட்டாள். மேற்பார்வையாளர் படித்தார், இரண்டு என்று. வெள்ளைச் சட்டைத் தலைவர் தன் முள்ளைப் பார்த்து, இரண்டு என்றார். கீழே ஒன்றரை என்றார்கள். இங்கேயும் ஒன்றரை. கீழே ஒன்று. இங்கே ஒன்று. கீழே ஏறுகிறது என்றார்கள். அவர் முள்ளும் ஏறுவதை அண்ணி தன் கண்ணாலேயே பார்த்தாள். அந்த ஊரின் உள்மூச்சும் வெளிமூச்சும் முதல் முறையாக ஒரே அறையில் கேட்டது அன்றைக்குத்தான். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது, எவ்வளவு பயமாக இருந்தது.

அடுத்த முறை முள் இரண்டு வரை போகவில்லை. ஒன்றரையில் நின்று இறங்கியது. இறங்கி ஒன்றில் நிற்கவுமில்லை. முக்கால் என்றது தொலைபேசி. பிறகு, அதற்கும் கீழே என்றது.

வெள்ளைச் சட்டைக்காரர் காகிதத்தை இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருந்த முகமூடியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஐம்பது வயதைத் தாண்டிய, தொந்தி போட்ட மனிதர் மூன்று மூன்று படியாகத் தாவினார். கதவைத் திறக்க மேலிடத்து அனுமதி வேண்டும் என்று வாசலில் ஒருவர் ஆரம்பித்தார். அனுமதியை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம், இப்போது கதவைத் திற என்று தலைவர் போட்ட சத்தத்தில் கதவு திறந்தது. அண்ணியை உள்ளே விடவில்லை. அவள் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். வேண்டாத தெய்வம் பாக்கியில்லை.

நான்கு நிமிடம் கழித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் மாவு. கண் மூடியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. மார்போடு அணைத்திருந்த பீங்கான் ஜாடியை விரல்களிலிருந்து பிரித்து எடுக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. தரையில் கிடத்தியதும் அண்ணி மண்டியிட்டு, நாத்தனாரின் மூக்குக்கு அடியில் உள்ளங்கையை வைத்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. பிறகு உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஒன்று பட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று பட்டது. ஊரில் உள்ள அத்தனை பேர் மூச்சையும் பதினொரு வருடம் முள்ளில் பார்த்தவள், ஒருவர் மூச்சைக் கையால் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். அவள் வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். அவர் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்து, பேச முடியாமல் இருமிக்கொண்டே தலையை ஆட்டினார்.

கதவை மறுபடி மூடி அணைகாற்றைத் திறந்ததும் தீ அணைந்தது, காப்பகத்துக்குப் புகை போகவில்லை. மத்தியானத்துக்குள் நாத்தனாருக்கு நினைவு நன்றாகத் திரும்பிவிட்டது. வாயும் திரும்பிவிட்டது. தலையணை சரியில்லை, போர்வையில் மருந்து வாடை என்று குறை சொல்ல ஆரம்பித்ததும், இனிப் பயமில்லை என்று அண்ணி அறிந்துகொண்டாள். நர்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குள் ஒரு சின்னப் பந்து இருந்தது. ஊதினால் பந்து ஏறும். மூச்சை இழுப்பதை உடம்பே பார்த்துக்கொள்ளும், நீங்கள் விடுவதைக் கவனியுங்கள், உள்ளே தங்கின கெட்டதெல்லாம் வெளியே வர வேண்டும், கடைசிச் சொட்டு வரைக்கும் ஊதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊதுவதும் நிறுத்துவதுமாக நாத்தனார் நடந்ததைச் சொன்னாள். எல்லோரையும் வெளியே தள்ளிய பிறகுதான் ஜாடி ஞாபகம் வந்ததாம். தினமும் மாவில் ஒரு பிடி எடுத்து அந்த ஜாடியில் வைப்பாள். மறுநாள் மாவைப் புளிக்க வைப்பது அதுதான். அது போனால் ஊருக்கு ரொட்டி கிடையாது. யாரிடமும் சொல்லாமல் மாவு மூட்டை இறக்குகிற சின்னக் கதவு வழியாக உள்ளே போயிருக்கிறாள். ஜாடியை எடுத்துத் திரும்புவதற்குள் எல்லாக் கதவும் ஒன்றாக மூடிக்கொண்டன. உலகத்தில் வேறு யாராவது ஒரு பிடி பழைய மாவுக்காகப் புகைக்குள் போவார்களா? ரொட்டிக்காரி போவாள். அன்று தொட்டியில் கிடந்தது வெறும் மாவும் தண்ணீரும்தான், இன்னும் ஜாடி மாவைச் சேர்த்திருக்கவில்லை. தொட்டிகள் மூச்சே விடவில்லை. அந்த அறையில் மூச்சு விட்டது இவள் ஒருத்திதான்.

"கத்திப் பாத்தேன், யாருக்கும் கேக்கல" என்றாள் நாத்தனார். "அப்பதான் மேல அந்தக் குழாய் ஓட்டையைப் பாத்தேன். மறுமுனையில நீங்கதான் உக்காந்திருப்பீங்கன்னு தெரியும். கத்தினா கேக்காது, மூச்சு விட்டா தெரியும்ல? அதான் நடந்தேன். நின்ன இடத்துலயே காலைத் தூக்கித் தூக்கி வச்சு நடந்தேன் அண்ணி. முள்ளு ஏறணும், நீங்க பாக்கணும்னு."

மூடின அறைக்குள் மாட்டிக்கொண்டவர் அசையாமல் படுத்திருக்க வேண்டும். நடக்க நடக்க, தான் விட்ட மூச்சே தன்னைச் சுற்றிக் கூடும், அதுதான் முதலில் ஆளைச் சாய்க்கும். அது தெரிந்தும் இவள் இருந்த காற்றையெல்லாம் செலவழித்து நடந்திருக்கிறாள், அண்ணி பார்ப்பாள் என்று நம்பி. சும்மா படுத்திருந்தால் முள் ஒன்றில் நின்றிருக்கும். சிவப்புக் கோட்டில் நிற்காததைப் பார்த்த உடனேயே அண்ணி துள்ளி எழுந்திருப்பாள். நடந்ததால்தான் முள் சரியாக இரண்டுக்கு வந்தது. நடந்ததால்தான் அவள் மாவானாள்.

கையெழுத்து விஷயத்தை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று மேற்பார்வையாளர் காலையிலேயே காதோடு சொல்லியிருந்தார். காகிதமும் கிழிந்துபோய்விட்டது. அண்ணி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, நாத்தனாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் குழாயில் இருந்த பந்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பத்து நிமிஷம் நான் உன்னை மாவுன்னு நெனச்சேன். ஆள் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

நாத்தனார் குழாயை வாயிலிருந்து எடுத்தாள். வெளியே தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போயிற்று.

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"நடுவுல நடுவுல உக்காந்தியே. முள்ளு இறங்கி இறங்கி ஏறிச்சு. மாவு களைப்பாறாது, இது மனுஷின்னு அதுலதான் தெரிஞ்சுது."

நாத்தனாரின் கண் சட்டென்று நிறைந்துவிட்டது. பதினொரு வருடத்தில் அண்ணி அவள் அழுது பார்த்ததில்லை.

"ஒவ்வொரு தடவை உக்காரும்போதும் என்னையே திட்டிக்கிட்டேன் அண்ணி. இப்படி உக்காந்துட்டா அவங்களுக்கு எப்படித் தெரியும், எழுந்திரு, எழுந்திருன்னு. முடியாமத்தான் உக்காந்தேன்."

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நகக்கண்ணில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை, சொன்னால் ஏதோ கோபித்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். இருந்தாலும் அண்ணி சொன்னாள். நீ களைத்துப் போனாயே, அதற்கு நன்றி என்றாள். முடியாமல் உட்கார்ந்தாயே, அந்த ஒவ்வொரு தடவைக்கும் நன்றி என்றாள். சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதையும் அவள் அடக்கவில்லை.

"சரி, கையை விடுங்க, ஊதணும்" என்றாள் நாத்தனார்.

பந்து மெல்ல எழும்பி, பாதிக் குழாயில் நின்று நடுங்கியது. இன்னும், இன்னும் என்றாள் அண்ணி. நாத்தனார் கன்னத்தில் கண்ணீர் வழிய, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊதினாள்.